இருநூற்றைம்பத்தாறு ஜி.பி.

லியாகத் அலியை ராயபுரத்தில் அடக்கம் செய்த மறுநாள் நீலா வழக்கம்போல் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தாள். அவள் அவருக்கு மனைவியும் இல்லை, தங்கையும் இல்லை. ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரியிடம் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அழுதால் ஊர் ஒன்று பேசும், அழாவிட்டால் நெஞ்சை அடைக்கும். நீலா அழவில்லை. மேனேஜர் லட்சுமணன் சார் கூப்பிட்டு, "லியாகத் பார்த்த வேலையெல்லாம் இனிமே நீ பாரும்மா" என்றபோது, "சரி சார்" என்றாள்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயின்டர். பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமாவும் வாங்கிக்கொண்டு, இரண்டாயிரத்து ஒன்றில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கான்ட்ராக்ட் வேலை. வருடா வருடம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் ஓடும்.

கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகள் சுங்கச் சோதனை முடியும்வரை அந்த யார்டில்தான் கிடக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் கேட்டில் இருக்கிற கேமரா படம் பிடிக்கும். எண் ஒரு படம், சீல் ஒரு படம், கதவு ஒரு படம். படம் சர்வரில் பதிவானால்தான் கேட் பாஸ் அச்சாகும். பாஸ் இல்லாமல் டிரெய்லர் ஒரு அடி நகராது.

இரண்டாயிரத்து ஏழில் ஒன்பது பழைய சர்வர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே பெரிய எந்திரங்களை வைத்தார்கள். அந்த இரண்டுக்குள்ளேயே ஒன்பது சர்வர்களும் தனித்தனியாக ஓடுவதுபோல் ஒரு மென்பொருள் பாவனை செய்யும். விர்ச்சுவல் சர்வர், விர்ச்சுவல் டிஸ்க். அதைப் பற்றிய புத்தகத்தை அச்செடுத்து, நீலா முதல் பாதியும், சர்வர்களைப் பார்த்துக்கொண்ட லியாகத் பின்பாதியுமாகப் பிரித்துப் படித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரவர் பாதியை மற்றவருக்குச் சொல்வார்கள். தன் பாதி புரியாதபோதெல்லாம் லியாகத், "உன் பாதி ஈஸியா கீது நீலா, பொம்பளைன்னு பார்த்து குட்த்துட்டேன்" என்பார்.

படம் போடும் டிஸ்க் இருநூற்றைம்பத்தாறு ஜி.பி.யில் நின்றது. எல்லா டிஸ்க்குகளையும் வைத்திருக்கும் சேமிப்புக் கிடங்கில் இன்னும் கடலளவு இடம் காலியாக இருந்தது. ஆனாலும் டிஸ்க் அதற்குமேல் ஒரு நூல் வளர மறுத்தது. இரண்டு பேரும் புத்தகத்தைப் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிடங்கை முதல்முறை ஃபார்மட் செய்யும்போது பிளாக் அளவு என்று ஒரு கேள்வி கேட்கும். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று நான்கு பதில்கள். எட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டிஸ்க் இரண்டாயிரம் ஜி.பி. வரை போகலாம். எந்திரம் விற்ற கம்பெனிக்காரன் எதையும் பார்க்காமல், திரையில் முதலிலேயே இருந்த 'ஒன்று' என்ற பதிலை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒன்றுக்கு உச்சவரம்பு இருநூற்றைம்பத்தாறு. பிறகு மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கிடங்கை அழித்து, மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டும். ஒரு முழு நாள் யார்டை மூட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்று லியாகத் கடிதம் எழுதினார். ஐ.டி. மேனேஜர் லட்சுமணன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. "ஹார்பர் தூங்காது லியாகத். நீயும் தூங்காதே" என்றார். இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

வேறு வழியில்லாமல் லியாகத் ஒரு குறுக்கு வழி கண்டார். இருநூற்றைம்பத்தாறில் மூன்று டிஸ்க்குகள் செய்து, சர்வருக்கு உள்ளேயிருந்து மூன்றையும் ஒரே டிரைவாகச் சேர்த்தார். வெளியே பார்த்தால் மூன்று, உள்ளே போனால் ஒன்று. யார்டு ஓடியது. ஆபத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்: மூன்றில் ஒன்று போனாலும் மூன்றும் போகும். அவசரத்தில் ஒரே ஒரு தப்புச் செய்தார். மூன்றாவது டிஸ்க்கை முதலில் சோதித்துப் பார்க்கச் செய்ததால் அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார். பெயரை மாற்றாமலேயே விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து எட்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பராமரிப்புக்காகச் சர்வரை அரை மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். கிடங்கில் வேண்டாததைக் களைந்து தலைமை அலுவலகத்துக்குக் காட்ட லட்சுமணனுக்கு ஆசை. தன் அறையிலிருந்தே பட்டியலைப் பார்த்தார். டெஸ்ட் என்று ஒன்று கிடந்தது. அழித்தார்.

மூன்று நாள் யார்டு முடங்கியது. அந்த மூன்று நாளும் லியாகத் வீட்டுக்குப் போகவில்லை; பிரதி எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். கம்பெனிக்காரனை வரவழைத்துக் கிடங்கை அழித்துப் புதிதாக ஃபார்மட் செய்யும்போது, "எட்டு போடச் சொல்லுங்க சார், அந்தப் பிளாக் சைஸ்..." என்று ஆரம்பித்தார்.

"உன் ஐடியா போதும்ப்பா. கை எடு" என்றார் லட்சுமணன்.

கம்பெனிக்காரன் மறுபடியும் ஒன்றையே விட்டு 'அடுத்து' அழுத்தினான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று நீலா பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கான்ட்ராக்ட்காரி.

அந்த வாரமே லியாகத்துக்கு மெமோ வந்தது. நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். 'கவனக்குறைவான, அங்கீகாரமற்ற ஒட்டு வேலையால் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியது' என்று லட்சுமணன் கையெழுத்திட்டிருந்தார். டிஸ்க்கை அழித்தது யார் என்பதற்கு மேலாண்மைத் திரையில் ஒரு வரி இருந்தது: லட்சுமணன் பெயர், மாலை ஆறு நாற்பத்திரண்டு. நீலா அதை அச்செடுத்துக்கொண்டு லியாகத்திடம் ஓடினாள்.

"வுடு நீலா. டெஸ்ட்டுன்னு பேர் வச்சது நான்தானே" என்றார். கண் இரண்டும் பழுத்த மிளகாய்போல் இருந்தன. "பேஜாரு பண்ணாதே. உன் கான்ட்ராக்டும் பூடும்."

மெமோ வந்த பன்னிரண்டாம் நாள் காலை, திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சரிந்தார். முப்பத்தெட்டு வயது. ஆள் செத்துவிட்டதால் விசாரணையை முடித்துவிட்டார்கள். குற்றம் மட்டும் அவர் பெயரில் அப்படியே நின்றது. தலைமை அலுவலகக் கூட்டத்தில் லட்சுமணன், "அந்த ஆள் செய்த குப்பையை எல்லாம் பெருக்கிவிட்டேன், இப்போது ஒரே டிஸ்க், சுத்தமாக ஓடுகிறது" என்று படம் போட்டுக் காட்டிவிட்டு வந்தார். கைதட்டல் கிடைத்ததாக அவரே சொன்னார்.

நீலாவிடம் அச்செடுத்த தாள் இருந்தது. அதை நீட்டினால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சார் தெரியாமல் அழித்துவிட்டார், ஆனால் அந்த ஒட்டு வேலையே தப்புத்தானே என்பார்கள். லியாகத் செய்தது சரி என்று அந்த லட்சுமணனே தன் கையால் எழுத வேண்டும். அது நடக்காமல் லியாகத்தின் பெயர் மீளாது. எழுத வைக்க அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த இருநூற்றைம்பத்தாறு.

கடைசி பத்து மாதப் படங்களை மட்டும்தான் திரும்ப ஏற்றியிருந்தார்கள். நூற்றிருபது ஜி.பி. மாதம் பன்னிரண்டு ஏறும். பதினோரு மாதம். லட்சுமணனுக்கு அதில் கவலையே இல்லை. கிடங்கில் இடம் இருக்கிறது, நிரம்பினால் டிஸ்க் அளவு எண்ணை மாற்றினால் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீலா சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி போதும். சொல்லவில்லை. தினமும் காலையில் திரையைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பாள். நூற்று எண்பது. இருநூற்றுப் பத்து. வயிற்றுப்பிள்ளைக்கு மாதம் எண்ணுவதுபோல் எண்ணினாள். லட்சுமணன் குட் மார்னிங் சொன்னால் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். ஆடு பகை குட்டி உறவா என்பார்களே, அவளுக்கு அவருடைய குட் மார்னிங்கும் பகைதான்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை ஏழே காலுக்கு டிஸ்க் நிரம்பியது.

நீலா வரும்போதே டிரெய்லர்கள் கேட்டிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வரை வால் பிடித்து நின்றன. ஜன்னலில் இன்னாசியின் தலை தெரிந்தது. காசிமேட்டுக்காரன், பதினைந்து வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவன்.

"இன்னா மேடம், அஞ்சு மணிக்கு வந்து நிக்கிறேன். மதியம் தங்கச்சிக்கு நிச்சயம். பொட்டி சும்மாத்தானே கீது, ஒரு பாஸு அடிச்சு வுடேன்."

"மிஷின் நின்னுடுச்சு, இன்னாசி."

"உங்க மிஷினுக்கு எப்ப பார்த்தாலும் என் வூட்டு விசேஷத்தன்னிக்குத்தான் வாந்தி பேதி."

அவனைப் பார்க்க அவளால் முடியவில்லை. இதை அவனுக்குச் செய்வது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து லட்சுமணன் அறைக்குப் போனாள்.

லட்சுமணன் டிஸ்க் அளவில் நானூறு என்று அடித்தார். சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. முன்னூறு அடித்தார். மறுப்பு. இருநூற்றைம்பத்தேழு அடித்தபோது நீலாவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். கம்பெனிக்குப் போன் போட்டார்; ஆள் கிடைக்கவே மதியம் ஒரு மணி ஆயிற்று. ஃபார்மட்தான் செய்ய வேண்டும், ஒரு நாள் மூடுங்கள் என்றான் அவன். வெளியே ஹாரன் சத்தம் கண்ணாடியை ஆட்டியது.

"நீலா, அந்த லியாகத் என்னமோ பண்ணியிருந்தானே, மூணை ஒண்ணாச் சேர்த்து... உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப பண்ணும்மா, சீக்கிரம்!"

"அது கவனக்குறைவான, அங்கீகாரமில்லாத ஒட்டு வேலைன்னு மெமோவில் போட்டிருந்தீங்களே சார். நான் கான்ட்ராக்ட் ஸ்டாஃப். நாளைக்கு எனக்கும் மெமோ வரும்."

"இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?"

"ஒரு ஆர்டர் எழுதிக் குடுங்க சார். முத்திரையோட."

போன் அடித்தது, தலைமை அலுவலகம். அவர் எடுக்காமல் லெட்டர்ஹெட்டை இழுத்தார். டிஸ்க்குகளைச் சேர்க்கும்படி உத்தரவிடுகிறேன் என்று இரண்டு வரி எழுதி நீட்டினார்.

"ஏன்னு எழுதலையே சார். ஒரு டிஸ்க் இருநூற்றைம்பத்தாறுக்கு மேல் போகாது, யார்டை மூடாம ஓட்ட இது ஒண்ணுதான் சரியான வழின்னு எழுதினாத்தான் எனக்குப் பாதுகாப்பு."

"வக்கீலுக்குப் படிச்சியா நீ?"

"பி.எஸ்ஸி. சார்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். நீலா அதை ஜெராக்ஸ் எடுத்தாள். லியாகத்தின் இரண்டு கடிதங்கள், மெமோ, ஆறு நாற்பத்திரண்டு என்று நேரம் போட்ட அந்தத் தாள், இந்த ஆர்டர், ஐந்தையும் ஒரு கவரில் போட்டு, பாரிமுனைத் தலைமை அலுவலகத்துக்குத் தபால் எடுத்துப்போகிறவரிடம் டைரக்டர் பெயருக்குக் கொடுத்தாள். அவர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வந்தாள்.

இரண்டு புது டிஸ்க்குகள், பழையதோடு சேர்த்து மூன்று. முப்பத்தைந்து நிமிடம். லட்சுமணன் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"இந்த மூணுல எதையாவது யாராவது அழிச்சா எல்லாம் போயிடும் சார்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "லியாகத் பாய் இதை எழுதியே குடுத்திருந்தாரு."

"கவர்ல என்ன அனுப்பினே?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார். மறைக்க என்ன கீது?"

வேலையில் இருக்கும்போது அவள் ஒருநாளும் 'கீது' என்று பேசியதில்லை. கேட் பிரின்டர் உயிர் பெற்றுக் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. இன்னாசியின் வண்டி முறை வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பாஸை வாங்கிக்கொண்டு அவன் வண்டியைக் கிளப்பினான்; அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

விசாரணை ஆறு வாரம் நடந்தது. லட்சுமணனை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். கடைசி நாள் அவர் அவள் மேஜைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"ஒரு கிளிக் நீலா. தெரியாம ஒரு கிளிக். எனக்கும் பொண்ணு இருக்கு. அதுக்கு இவ்வளவா?"

"கிளிக்குக்கு இல்ல சார். நான்தான் பண்ணேன்னு அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, பாய் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாரு."

நீலா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார்டை மூடினார்கள். நீலாவே ஃபார்மட் செய்தாள், எட்டைத் தேர்ந்தெடுத்தாள். மெமோவை ரத்துசெய்து, லியாகத் அலியின் பணி குறைபாடற்றது என்று எழுதிய கடிதத்தை நிர்வாகம் அவள் கையில் கொடுத்து அனுப்பியது. கான்ட்ராக்ட் இந்த வருடத்தோடு சரி என்ற வாய்மொழித் தகவலும் கூடவே வந்தது.

வண்ணாரப்பேட்டையில் லியாகத்தின் மனைவி ஷம்ஷாத் பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடித்தாள்.

"அந்தாளு இன்னா ஆனான்?"

"போயிட்டான் அக்கா."

ஷம்ஷாத் சட்டென்று நிமிர்ந்தாள். "போயிட்டானா?"

"வேலையை விட்டு."

"ஓ" என்றாள் ஷம்ஷாத். ஊசியில் நூலை மறுபடி கோத்தாள். "வேலைய வுட்டு மட்டுந்தானா."

வரும் வழி முழுக்க, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், நீலா அதையேதான் தனக்குள் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.