சந்திரகிரியில் எடுத்து, திருப்பதியில் தொலைத்த படங்கள்

சந்திரகிரிக்கு டிஜிட்டல் கேமராவோடு போகிறவர்கள் என் தவறைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் போனது 2006இல். நகரியில் விசைத்தறி ஓட்டிய நண்பன் ஏழுமலைக்குக் குவைத் விசா வந்திருந்தது. கல்யாணமாகி மூன்றே மாதம். விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு, அவனும் மனைவி செல்வியும் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். கேமரா என்னிடம்தானே இருந்தது!

காலை ஏழு மணி பஸ். திருப்பதிக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து சந்திரகிரி பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். அங்குள்ள கோட்டையில், ராஜமகாலுக்கு முன்னால் இருவரையும் உட்காரவைத்து எடுத்தேன். ஏழுமலை காதில் ஏதோ சொல்ல, செல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

"கல்யாண ஆல்பத்துல ரெண்டு பேரும் முறைச்சிக்கினு கீறோம்ணா. இதான் நல்லா கீது," என்றாள்.

மூன்று மணிக்குத் திருப்பதி பஸ் நிலையம் அருகே ஒரு நெட் சென்டரில் நுழைந்தோம். ஏழுமலையின் பென் டிரைவில் படங்களை ஏற்ற வேண்டும். கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்து, எல்லாவற்றையும் 'கட்' செய்து 'பேஸ்ட்' கொடுத்தேன். பச்சைப் பட்டை நிறைந்ததுமே பென் டிரைவை உருவிவிட்டேன். மறுபடி செருகினால் ஒரு படமும் திறக்கவில்லை. கேமராவும் காலி.

"அய்யோ பாபு, கட் குடுக்கலாமா? காப்பிதான் குடுக்கணும்," என்றார் கடைக்கார அம்மா. "இனிமே இந்தக் கார்டுல புதுசா எதுவும் எடுக்காதீங்க. மிச்சமும் போயிடும்."

அழிந்த படங்களைத் தேடும் சாப்ட்வேரை ஓட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அறுபத்து நான்கில் ஐம்பத்தொன்று மீண்டன. செல்வி சிரித்த அந்தப் படத்தில் மகாலின் கோபுரம் மட்டும் தெரிந்தது. கீழே இருவரும் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறம்.

"வாடா, திரும்பப் போய் எடுத்துக்கினு வரலாம்," என்றான் ஏழுமலை. கோட்டையை மூடும் நேரம். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வுடுய்யா," என்றாள் செல்வி. அவள் கண் கலங்கியிருந்தது.

கடைக்கார அம்மா மானிட்டர் மேலிருந்த வெப்கேமைத் திருப்பி, இருவரையும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்காரவைத்தார். திரையில் தன்னைப் பார்த்ததும் செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழுமலை அவள் கையை விலக்கினான். மங்கலான படம்தான். அதைப் பென் டிரைவில் ஏற்றி, முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் கழற்றினார்.

ஆளையே அனுப்பப் போகிறோம், ஒரு படத்துக்கு இந்தப் பாடா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அனுப்புகிறவர்களுக்கு அதுதானே மிச்சம். ஆகவே காப்பி மட்டும் செய்யுங்கள், திறந்து பாருங்கள், வீடு சேர்ந்தபின் கார்டில் உள்ளதை அழியுங்கள்.

கிளம்பும்போது செல்வி கேட்டாள்: "இதுல குவைத்துல இருக்கறவங்களயும் பார்க்கலாமாம்மா?"

"பார்க்கலாம். அங்கயும் ஒரு கேமரா வேணும்."

செல்வி ஏழுமலையிடம் திரும்பினாள். "மொத சம்பளத்துல அத வாங்கு."