டைல்ஸ் வேண்டாம் என்ற சந்து

கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் சந்துக்குள் ஆட்டோ வராது. கல்யாணமாகித் தென்காசியிலிருந்து நான் வந்த நாள் முதல், கார்ப்பரேஷன் ஆட்கள் யாரும் அந்தச் சந்தை அக்கறையோடு பார்த்து நான் கண்டதில்லை. அதனால், ஒரு காலையில் இரண்டு பேர் அளவு டேப்போடு வந்து எங்கள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டபோது, முன்னறையில் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"எதுக்கு சேட்டா இந்தக் கோடு?"

"ஒண்ணுமில்ல சேச்சி. வழி நன்னாக்கப் போறாங்க" என்று அதில் ஒருவன் சொன்னான். அடுத்த வீட்டுச் சுவருக்கும் போனார்கள்.

அக்காவைத்தான் இங்கே சேச்சி என்பார்கள். அடுத்த வீட்டுச் சேச்சி எறால் உரிக்கும் ஷெட்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். யாரையும் லேசில் நம்ப மாட்டாள். கோட்டைத் தொட்டு, விரலில் ஒட்டிய பெயின்டைப் பார்த்துக்கொண்டே, "மோளே, வெறுதே யாரும் நமக்கு ஒண்ணும் தர மாட்டாங்க. சந்துக் கடைசியில என்ன வருதுன்னு நோக்கினாயா?" என்றாள்.

எனக்குத் தெரியும். கடைசியில் இருந்த பழைய மிளகுக் கிடங்கை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல். சந்து முனையில் அவருடைய காரிலிருந்து எங்கள் கவுன்சிலர் ஒருநாள் இறங்கியதை நானே பார்த்தேன். வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டிருக்கலாம். அப்படி இருக்காது என்றும் தோன்றியது.

அந்த வாரமே கவுன்சிலர் வீடு வீடாக வந்தாள். என் வயதுதான் இருக்கும். சாயா வாங்கிக் குடித்தாள், என் மகளின் காக்கநாட்டு வேலையைப் பற்றி விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம், கட்டாயம் வர வேண்டும் என்றாள். அவ்வளவு இனிமையாகப் பேசியதே எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் திரையில் ஒரு படம் காட்டினார்கள். எங்கள் சந்துதான். தரை முழுக்க டைல்ஸ், இரண்டு பக்கமும் பழைய காலத்து விளக்குக் கம்பங்கள், பூந்தொட்டிகள். தொப்பி வைத்த ஒரு பெண் கேமராவோடு நடந்துகொண்டிருந்தாள். எங்கள் வாசல்களில் காயும் துணி இல்லை. என் தையல்கடைப் பலகை இல்லை. சேச்சியின் கோழிக்கூடும் இல்லை.

"நாங்கள்லாம் எங்க போயிட்டோம்?" என்று சேச்சி உரக்கக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். கவுன்சிலரும் சிரித்தாள்.

நான் எழுந்தேன். என் மலையாளம் பாதியில் தமிழாகிவிடும். கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் கேட்டேன். "சுவத்துல கோடு போட்டீங்களே, அது எதுக்கு?"

"லெவல்" என்றார் திரைக்குப் பக்கத்தில் நின்ற கார்ப்பரேஷன் ஓவர்சியர்.

"எதோட லெவல்?"

"புதிய வழியோட பொக்கம்." உயரத்தைத்தான் அப்படிச் சொன்னார், ஏதோ நல்ல செய்தி போல.

அந்தக் கோடு எங்கள் வாசற்படிக்கு மேலே இருந்தது. கடல் ஏறும் நாட்களில் கால்வாய்த் தண்ணீர் இப்போதே படிவரை வருகிறது. பாதையை உயர்த்தினால் அது நேராக எங்கள் அடுக்களைக்குள் வரும். கிடங்கு மட்டும் ஏற்கெனவே உயரமான அடித்தளத்தில் நிற்கிறது; அதற்குத் தண்ணீர் பயமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். கவுன்சிலர் ஓவர்சியரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரியாதவள் போல் பார்த்தாளா என்று அந்த முகத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டைல்ஸ் வேண்டா. முதல்ல கானையைச் சரியாக்குங்க" என்றாள் சேச்சி. கானை என்றால் இங்கே சாக்கடை. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

கவுன்சில் கூடிய நாளில் சேச்சியும் நானும் படகேறி எர்ணாகுளம் போனோம். நாங்கள் சொன்னதைக் கவுன்சிலர் அங்கே சொல்கிறாளா என்று காதால் கேட்க வேண்டும் எங்களுக்கு. பார்வையாளர்கள் இடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்ததும் கவுன்சிலர் எழுந்து, "என்டெ வார்டுல ஜனங்களுக்கு டைல்ஸ் வேண்டா, கானை போதும்" என்றாள்.

வேறொரு உறுப்பினர் உடனே எழுந்தார். "வேண்டாத்தவருக்கு எதுக்குப் பணம்? எங்களுக்குத் தாங்க!"

பெரிய சிரிப்பு. பிறகு நெடுநேரம் வாக்குவாதம். சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முடிவில் கானைக்கு மட்டும் அனுமதித்தார்கள். விளக்குக்கும் டைல்ஸுக்கும் ஒதுக்கியது அந்த உறுப்பினரின் பகுதிக்குப் போனது. கவுன்சிலர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயித்தோமா ஏமாந்தோமா என்று தெரியாமலே படகில் திரும்பினோம்.

கானை வேலை ஓட்டல் வாசலிலிருந்துதான் ஆரம்பித்தது. "கண்டோ?" என்றாள் சேச்சி. அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு காவல் இருந்தோம். சிமென்ட் கலப்பதையும் ஸ்லாப் இறக்குவதையும் யாராவது ஒருத்தி நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்போம். வேலையாட்கள் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மழைக்காலத்தில் கடல் ஏறியபோது தண்ணீர் படியேறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. சேச்சி மட்டும் நம்பாமல், அரிசி மூட்டையைக் கட்டில் மேலேயே வைத்திருந்தாள்.

மழை விட்டபின் கவுன்சிலர் ஒரு ரவிக்கைத் துணியோடு என் கடைக்கு வந்தாள். அளவெடுக்கும்போது, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த ஓட்டல்காரர் உங்ககிட்ட வழியை உயர்த்தச் சொன்னாரா?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பலரும் பலதும் கேப்பாங்க சேச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கை மட்டும் கொஞ்சம் லூசா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, மற்றொரு கையை நீட்டினாள்.