கதவு திறக்கிறவன் பார்த்த ஆமைப் படம்

தியேட்டர் கதவில் நிற்கிறவன் எல்லாப் படத்தையும் ஓசியில் பார்த்துவிடுகிறான் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் முதல் பத்து நிமிடம் டார்ச் அடித்து ஸீட் காட்டுவதில் போகும். கடைசிப் பத்து நிமிடம் வெளிக்கதவைத் திறந்துவிடுவதில் போகும். நடுவில் கேன்டீன் நெரிசல், பைக் ஸ்டாண்ட் தகராறு. பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு வீடு திரும்புகிறவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். திருப்பதியில் பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

சிரிக்காத ஆமை

போன வருடம் எங்களிடம் ஓர் ஆமைப் படம் வந்தது. அம்மாவைத் தேடி ஏரிக்குள் போகும் ஒரு சிறுமி, அவளைச் சுமந்து போகும் ஓர் ஆமை. முன்பு பொம்மைப் படமாக வந்த கதையை நிஜ மனிதர்களை வைத்து மறுபடி எடுத்திருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய வேலூர்க்காரர் ஒருவர் மகனோடு வந்தார். இரண்டு மொட்டையிலும் சந்தனம் காயவில்லை. மகனைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம். இடைவேளையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று முகம் வாடி வெளியே வந்தவரிடம் படம் எப்படி என்று கேட்டேன்.

"பொம்மைப் படத்துல ஆமை சிரிக்கும் சார். இது நெஜ ஆமையாட்டம் உம்முனு கீது."

பயமான இடம்

புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா, நான்கு வயதுப் பையனோடு வாசலில் தயங்கினார். பயமுறுத்துகிற காட்சி ஏதாவது உண்டா என்று கேட்டார். பொம்மைப் படத்தை நான் மகளோடு ஃபோனில் எத்தனையோ தடவை பார்த்தவன். அதில் வரும் பாம்பு வெறும் கோமாளி. அந்தத் தைரியத்தில், நானே பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை என்று அடித்துவிட்டேன்.

புதுப் படத்தில் வந்ததோ அசல் மலைப்பாம்பு. வீறிட்டு அழும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அம்மா வெளியே வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா."

பக்கத்து ஸீட்

என் மகள் யாமினி நகரியில் நாலாவது படிக்கிறாள். எந்தப் படத்துக்குக் கூட்டிவந்தாலும் அவளை ஒரு ஸீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் கதவுக்குப் போய்விடுவேன். இந்தப் படத்துக்கு மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோனில் பார்த்த மாதிரியே நீயும் பக்கத்தில் குந்தணும் நைனா என்று மூன்று வாரம் பிடிவாதம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, படத்தைத் தூக்கும் கடைசி நாள்தான் லீவு கேட்டேன். கதவுக்கு என்னோடு வேலை செய்யும் முனிரத்தினம் நின்றான். நான் முதல்முறையாக டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பாம்பு வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிப் பாட்டின் மேளம் ஆரம்பித்ததும் என் கால் தானாக எழுந்துவிட்டது. மூன்று வாரமாக அந்த மேளம் கேட்டுத்தான் கதவுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வாசல் திரைச்சீலையை விலக்கித் தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் முனிரத்தினம் அங்கே நிற்பது தெரிந்தது. இன்றைக்கு உனக்கு லீவு என்று அவன் சிரித்தான். இருட்டில் தட்டுத்தடுமாறித் திரும்பி வருவதற்குள் விளக்கு போட்டுவிட்டார்கள்.

கூட்டமெல்லாம் எழுந்து போய்க்கொண்டிருக்க, யாமினி மட்டும் என் காலி ஸீட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஆமை போய்க்கினே இருந்திச்சி நைனா, திரும்பிப் பாத்து ஒரே ஒரு வாட்டி சிரிச்சிச்சி. உன்கிட்ட காட்டலாம்னு திரும்பனேன், நீ இல்ல."

மறுநாள் வேறு படம் வந்துவிட்டது; ஊருக்கெல்லாம் நேரத்துக்குக் கதவு திறந்துவிட்ட எனக்கு, பெற்ற மகள் பக்கத்தில் இன்னும் ஐந்து நிமிடம் சும்மா உட்காரத் தெரியவில்லை.