கரிந்த சரிவில் செம்முடிப்பூ

தென்னாப்பிரிக்காவின் எலிம் ஊரில் லெட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே மலைப்பூ பறிக்கப் போனவள். கத்தரியும் கோணிப்பையுமாக அவள் ஏறாத சரிவு இல்லை. கணவன் யாப்பி பூக்கட்டுகளை லாரியில் ஏற்றுவான். வேடிக்கைக்காரன்; வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும்.

ஒரு கோடையில் மலை பற்றிக்கொண்டது. காற்று திரும்பியதும் லெட்டியின் தங்கை மீட்டாவின் கூரை வீடு கண்ணெதிரே சாம்பலாயிற்று. தையல் மெஷினை இழுத்துவரப் போனவளுக்கு இடது கை வெந்துவிட்டது. யாரோ சிகரெட்டைப் போட்டிருப்பார்கள் என்று ஊர் பேசி ஓய்ந்தது.

குளிர் தொடங்கியதும் கரிந்த சரிவெங்கும் செம்முடி பூத்தது. தீ பட்ட இடத்தில்தான் அது இப்படிக் கொட்டிப் பூக்கும். கேப் டவுன் வியாபாரி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பூ. லெட்டியும் யாப்பியும் மீட்டாவும் பறித்துக்கொண்டிருந்தபோது, செடி ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் படம் எடுக்க வந்தார்.

"இதுக்கு உங்க புத்தகத்துல என்னம்மா பேரு?" என்றாள் லெட்டி.

"எரிக்கா செரிந்தாய்டிஸ். கடலுக்கு அந்தப் பக்கம் செரிந்தேன்னு ஒரு தேன்செடி இருக்கு. பூ அது மாதிரி இருக்குன்னு இந்தப் பேரு."

"வெச்சவரு இங்க வந்து பாத்தாரா?"

"இல்ல, இந்த நாட்டுக்கே வந்ததில்ல."

"நல்லா இருக்கே!" மீட்டா சிரித்தாள். "பொறந்தது இங்க, பேரு எவன் ஊர்ச் செடியோடதோ!"

"அப்ப என் பேரைத்தான் வெச்சிருக்கணும்," என்று சிரித்தான் யாப்பி. "நான் தீக்குச்சி கிழிக்கலேன்னா இது பூத்திருக்குமா?"

லெட்டியின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"அட, ஓரமா கொஞ்சம்தான் வெச்சேன். வியாபாரி நச்சரிச்சான். காத்து திரும்பும்னு நான் கண்டேனா?"

மீட்டா சுருங்கிப்போன விரல்களையே பார்த்தாள்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானே?"

யாப்பி தலை குனிந்தான். லெட்டி பூவை அங்கேயே போட்டுவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு போலீசுக்கு நடந்தாள். "நில்லுடி லெட்டி!" என்று அவன் கத்தியது சரிவு இறங்கும்வரை கேட்டது.

யாப்பி ஜெயிலுக்குப் போனான். மீட்டா அக்காவோடுதான் இருக்கிறாள். லெட்டி இப்போதும் பூ பறிக்கிறாள். அவன் தீ வைத்ததைக்கூட நம்பிவிட்டாள். அதைச் சொன்னபோது சிரித்தானே, அதுதான் இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை.