ஒரே பெட்டி, இரண்டு கித்தார்

“…அந்த வால்யூம் நாப்ப நான் தொடவே இல்லடா. சாகுற வரைக்கும் மணி நம்பலியே” என்றான் ஸ்டீபன்.

போன மாதம், சிம்பாங் ரெங்கத்தில், மணியின் கருமாதிச் சாப்பாடு முடிந்து கை கழுவிய ஈரத்தோடு நின்றோம். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவனும் ஸ்டீபன்தான். வாசலில், கித்தார் சத்தத்தைக் கூட்டித் தரும் எங்கள் பழைய ஆம்ப் பெட்டி. “யாராச்சும் எடுத்துட்டுப் போங்கண்ணே, பாக்கவே முடியல” என்று மணியின் மனைவி வெளியே வைத்திருந்தார். அது வேலை செய்கிறதா என்று ஸ்டீபன் சொருகிப் பார்த்திருந்தான். சூடேறிய தூசியின் வாசம் கிளம்பியது. அந்த வாசம் பட்டால் போதும், நண்பரே, எனக்கு இருபத்திரண்டு வயது.

எங்கள் இசைக்குழுவில் மணியும் ஸ்டீபனும் கித்தார், நான் டிரம். பேஸ் கித்தார் வாசிக்க யாராவது வருவார்கள், கல்யாணம் ஆனதும் காணாமல் போவார்கள். ஸ்டீபன் மாதா கோயிலில் கற்றவன், ஆனால் அவன் பக்தியெல்லாம் இங்கிலாந்துக்காரர்களின் சத்தத்தில். லாரி மேடேறுவதுபோல் கித்தார் உறும வேண்டும். மணி அமெரிக்கக் கட்சி. ஒவ்வொரு கம்பியும் கழுவி வைத்ததுபோல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிங்கப்பூர் ரேடியோவில் பிடித்த கேசட்டுகளின் உறையில் ஆளுக்கொரு கொடி வரைந்து வைப்பார்கள். தான் அமெரிக்கக் கொடி போட்ட ஒருவன் லண்டன்காரன் என்று தெரிந்த அன்று மணி சாப்பிடவில்லை.

“ஒங்க ஆளுங்க எங்க ஆளுங்க பாட்டுத் தட்டக் கேட்டுதான்டா கத்துக்கிட்டானுங்க. சத்தத்தக் கூட்டி அவங்களுக்கே வித்துட்டானுங்க. நம்ம ரப்பர் பால கொண்டுபோயி டயரா வித்த மாதிரி” என்பான் மணி.

“டயரு இல்லாம பாலு மேலயா மோட்டார் ஓட்டுவ?” என்பான் ஸ்டீபன்.

இந்தச் சண்டைக்கு நான் டிக்கெட் வாங்கியும் போயிருப்பேன்.

வம்பு என்னவென்றால், எங்களிடம் இருந்தது ஒரே பெட்டி. இரண்டு கித்தாரும் அதில்தான் சொருக வேண்டும், சத்தத்துக்கு ஒரே குமிழ். மணியின் அளவுக்கு அவன் தங்கை நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். அதற்கு ரொம்ப மேலே ஸ்டீபனின் வெள்ளைக் கோடு. யார் முன்னால் நின்று வாசிக்கிறார்களோ அவர்கள் அளவு. பாட்டு நடுவில் யாரும் தொடக்கூடாது. அதுதான் சட்டம்.

அந்தத் தங்கையின் கல்யாண விருந்து, குளுவாங்கில். அவளுக்காகவே மாதக்கணக்கில் பழகிய பாட்டொன்றை மணி மெதுவாக ஆரம்பித்தான். கூட்டம் கோழியைக் கடித்துக்கொண்டு பேசியது. பெட்டி என் முக்காலிக்குப் பக்கத்தில். இடது கையை நீட்டி, குமிழை வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பினேன். உதவி என்றுதான் நினைத்தேன். அது பாதி பொய். ஆடுகிற கூட்டம் எனக்கு வேண்டியிருந்தது.

கித்தார் ஊளையிட்டது. குழந்தைகள் வீறிட்டன, மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். சத்தத்தைக் குறைக்க ஸ்டீபன் ஓடிவந்து குனிந்தான். அப்போதுதான் மணி திரும்பிப் பார்த்தான்.

“என் தங்கச்சி கல்யாணத்துலயுமா ஒன் இங்கிலீஷ்?”

கித்தார் வயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனான். நான் முக்காலியை விட்டு எழவில்லை. கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், மூவரும் சிரிப்போம் என்றிருந்தேன். மணி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ஸ்டீபன் தங்காக்கில் ஜவுளிக்கடைக்குப் போனான். என் நாளை முப்பது வருடம் நீண்டது. கேசட்டுகளைப் பூஞ்சை தின்றது. அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். கடைசியில் மணியும் போய்விட்டான்.

“ஸ்டீபன், அன்னைக்குத் திருகுனது நான்தான்டா” என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். குனிந்தான். தேய்ந்துபோன சிவப்புப் பொட்டுக்கு நேராகக் குமிழைத் திருப்பி வைத்தான். செருப்பை மாட்டினான். என் குடை முன்சீட்டில் கிடக்க, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.