ரெண்டு கதவுக் காரில் மாமி

ஏறாவூரில் இன்று விற்பனைக்கு நின்ற இரண்டு சின்னக் கார்களைப் பார்க்கப் போனோம். நான், மனைவி, மாமி.

கலியாணம் முடித்து எட்டு வருசமாக மாமி வீட்டில்தான் இருக்கிறேன். மாமி என்னோடு நேரே பேச மாட்டார். "அவருக்குச் சோறு போடு புள்ள" என்று மகளிடம் சொல்வதுதான் வழக்கம். கோபமில்லை, மரியாதை.

முதல் காருக்கு இரண்டே கதவு. முன்சீட்டை மடித்து மாமியைப் பின்னால் ஏற்றினோம். காரை ஓடிப் பார்த்துவிட்டு வந்ததும் மனைவி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, விற்கிறவரோடு கதைக்கப் போய்விட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு செருமல்.

"மகன், நீங்க இறங்கினாத்தான் நான் இறங்கலாம்."

எட்டு வருசத்தில் முதல் பேச்சு. பதறி இறங்கி சீட்டை மடித்தேன்.

அடுத்தது நாலு கதவுக் கார். பின்னால் கால் நீட்ட இடமிருந்தது. மாமி தானே கதவைத் திறந்து ஏறினார், தானே இறங்கினார்.

"எதும்மா வசதி?" என்றாள் மனைவி.

"அவருக்கு எது விருப்பமெண்டு கேளு புள்ள."

வீட்டுக்கு வந்தும் குழப்பம் தீரவில்லை. வசதியென்றால் நாலு கதவுதான். ஆனால் மாமி என்னை மகன் என்று கூப்பிட்டது மற்றக் காரில்.

நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?