என் பெயரில் இருந்த ஃபைல்

அண்ணன் இறந்த பதினேழாம் நாள், அவனுடைய கம்ப்யூட்டரும் மக்கர் செய்தது. ராஜபாளையத்தில் அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை அவனுடையது. மஞ்சள் காமாலை பத்தே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. கூடவே உட்கார்ந்து டைப் அடித்த நான் மட்டும் கடையில் மிச்சம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரிப்பேர் பார்க்கும் பாய் பஸ் பிடித்து வந்தார். அண்ணனின் சிநேகிதர். பெட்டியைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஹார்ட் டிஸ்க் கடக், கடக் என்றது.

“எம்புட்டு நேரம் ஓடும்னு சொல்ல முடியாது தங்கச்சி. வேணுங்கிறத மொதல்ல ஃப்ளாப்பியில ஏத்திரு. எதையும் தெறந்து பாக்காத. பாக்குறதப் பொறவு பாத்துக்கலாம்” என்றார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஆறு பத்திரிகைகள் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. ஊரார் முகூர்த்தத்துக்கு நம் வீட்டுத் துக்கம் தெரியுமா? மம்சாபுரத்துப் பெண்ணின் பத்திரிகையில் தொடங்கி ஆறையும் ஏற்றினேன். பட்டியலில் ஏழாவதாக என் பெயரில் ஒரு ஃபைல் இருந்தது.

அவன் படுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, கான்சாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அந்த எரிச்சலை அவன்மேல் காட்டினேன். “ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடிக்கியே, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒண்ணு அடிக்கத் துப்பிருக்கா ஒனக்கு?” அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அதைப் பற்றித்தான் ஏதோ எழுதி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. திறந்துவிட்டேன்.

என் கல்யாணப் பத்திரிகை. திருவளர்ச்செல்வி என்று போட்டு என் பெயர். மாப்பிள்ளை பெயருக்கும் தேதிக்கும் புள்ளி புள்ளியாக இடம். கீழே அழைப்பவர்கள் வரிசையில் அப்பா, அம்மா, அடுத்து அண்ணன் என்று அவன் பெயர். இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்தவன், தன் பெயருக்குப் பின்னால் துணிந்து பி.காம். போட்டிருந்தான்.

படித்து முடித்துவிட்டு, அதையும் ஏற்ற அடுத்த ஃப்ளாப்பியைச் செருகினேன். திரை அப்படியே உறைந்து நின்றது. எந்த பட்டனுக்கும் அசையவில்லை. பாய் அணைத்துப் போட்டுப் பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார். பிறகு அந்த டிஸ்க் சத்தம்கூடப் போடவில்லை.

“தெறக்காதன்னு சொன்னேனே” என்று மட்டும் சொன்னார். காசு வாங்காமல் பஸ் ஏறிவிட்டார். ஊரார் பத்திரிகை ஆறும் பத்திரமாக இருந்தன. என் கையால் என் அண்ணனை இரண்டாம் தடவை தொலைத்தேன் என்று அன்று அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையை நானே அடித்தேன். எழுத்தின் அளவு முதற்கொண்டு எல்லாம் நினைவிலிருந்தது. அப்பா வாங்கிப் படித்தார். அவன் பெயரில் விரலை வைத்தார்.

“ஏட்டி, பேருக்கு முன்னால லேட்னு போடணும்ல?”

“அவன் அடிச்சதுல இல்லப்பா.”

விரலைப் பெயருக்குப் பின்னால் நகர்த்தினார்.

“அவன் பி.காம் முடிக்கலயேட்டி.”

“அதுவும் அவன் அடிச்சதுதான்” என்றேன்.

பத்திரிகை அப்படியே அச்சுக்குப் போனது.